கை வீசாமல் நடக்கிறவன்

யூலை 9, புதன்

கச்சான் காற்று. யன்னல் பூட்டியும் மேசை முழுக்கப் புழுதி. மீன் வாங்கப் போகவில்லை, அம்மா ஏசினா.

நான் அனிமேஷன் செய்து அனுப்பிய நடை கொழும்பிலிருந்து திரும்பி வந்துவிட்டது. கணினி விளையாட்டு செய்யும் கம்பனி, வேலைக்கு எடுக்கமுதல் வைக்கிற பரீட்சை. ஒரு பாத்திரம் நடக்க வேண்டும், அவ்வளவுதான். காலையில் தன் தெருவில் ஆறுதலாக நடந்துபோகும் இளைஞன். குறிப்பு:

- கால் நிலத்தில் வழுக்குகிறது. பதிந்த கால் பதிந்தபடி நிற்க வேண்டும்.
- இடுப்பு பலகை மாதிரி. உடம்புக்குப் பாரமே இல்லை.
- கை வீசவில்லை, தலை குனிந்திருக்கிறது. சொந்தத் தெருவில் போகிறவன் மாதிரி இல்லை, பிடிபட்டவன் மாதிரி இருக்கிறான்.
- கண்ணாடியில் உங்களைப் பார்த்துச் செய்ய வேண்டாம். வேறொருவர் நடப்பதைப் பக்கவாட்டில் வீடியோ எடுத்து அதைப் பார்த்துச் செய்யவும். திங்கள் மாலைக்குள்.

பிடிபட்டவனாம். கொழும்பில் ஏசி அறைக்குள் இருந்துகொண்டு எழுதுவது சுகம். கோபத்தோடு மறுபடி ஓடவிட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். அதனால் இன்னும் கோபம்.

யூலை 10, வியாழன்

ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

அண்ணா ஐஸ் கம்பனி வேலை முடிந்து வரும் வழியில் அவனை மறித்தேன். எங்கள் ஒழுங்கை வளைவு, பக்கவாட்டில் எடுக்க ஏலாது. துறைமுகப் பக்கம் போகும் வீதிதான் நேர். போனை மதகுக் கட்டின் மேல் சாத்திவைத்து அவனை நடக்கவிட்டேன். போ, திரும்பி வா, போ.

"எனக்கென்ன நடக்கத் தெரியாதே? எத்தினை தரமடி?"

"இன்னும் ஒருக்கா. இடுப்பு வடிவாத் தெரியேல்லை."

"உன்ர கேம் பெடியன் நடக்கப் பழக முந்தி என்ர கால் கழண்டிடும்."

ஊருக்குள் திரியும் மான்களில் ஒன்று குறுக்கே வந்து பொலித்தீன் பையைத் தின்றது. அண்ணா அதைப் பார்த்து, "இவரையும் சேர், நல்லா நடிக்கிறார்" என்றான். சிரித்தோம். அதுதான் கடைசிச் சிரிப்பு.

மோட்டார் சைக்கிள் ஒன்று எதிர்ப்பக்கம் நின்றது. சிவில் உடுப்பு, ஆனால் தலைமயிர் ஆமி வெட்டு. அந்த ஆள் ஸ்டாண்டைத் தட்டிவிட்டு வீதியைக் கடந்து நடந்து வந்தார்.

"தங்கச்சி, என்ன வீடியோ?"

"கேமுக்கு சேர். நடை."

"போறது, வாறது, போறது, வாறது. ஒரே இடத்தில ஏன்?"

நடையைத் திரும்பத் திரும்ப ஓடவிட வேண்டும், அதற்காக என்று விளக்கினேன். என் வாயால் கேட்கும்போதே பொய் மாதிரி இருந்தது. அவர் போனை எடுத்துப் பார்த்து, என் பக்கம் திருப்பிக் காட்டினார். நான் இவ்வளவு நேரமும் இடுப்பைப் பார்த்திருக்கிறேன். இடுப்புக்குப் பின்னால் ஆமி முகாம் வேலி. வேலிக்குள் காவல் கொட்டில், அதில் நிற்கிறவன். வேலி நீளத்துக்கு அண்ணா போய் வருகிறான், அளக்கிற மாதிரி.

அடையாள அட்டை இரண்டையும் படம் எடுத்தார். போனைத் திருப்பித் தந்தார்.

"ஒண்டும் அழிக்க வேணாம். திங்கக்கிழமை அண்ணாவையும் கூட்டிட்டு நம்ம ஒஃபிசுக்கு வாங்க. கொம்பியூட்டரும் கொண்டு வாங்க. சின்னக் கதைதான், கதைச்சிட்டுப் போகலாம்."

அம்மாவிடம் சொன்னேன். "சின்னக் கதை" என்றதும் அரிசி புடைத்த சுளகைக் கீழே வைத்துவிட்டா. அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனவர்களும் அதைத்தான் சொன்னார்களாம். நான் அப்போது தவழ்கிற பிள்ளை.

"உனக்கு நடக்கவிட வேற றோட்டுக் கிடைக்கேல்லையோ?" என்று மட்டும் கேட்டா.

யூலை 11, வெள்ளி

ஒழுங்கையில் எந்த மோட்டார் சைக்கிள் வந்தாலும் எழும்பிப் போய் யன்னலால் பார்க்கிறேன்.

கிண்ணியாவிலிருந்து சப்னா போன் எடுத்தாள். என்னோடு அனிமேஷன் படித்தவள்.

"அழிச்சிராத புள்ள. அழிச்சா, ஏன் அழிச்ச எண்டு கேப்பானுகள்."

"வைச்சிருந்தா?"

"ஏன் வெச்சிருக்க எண்டு கேப்பானுகள்."

உப்புவெளிக் கடற்கரையில் வெள்ளைக்காரர் ட்ரோன் பறக்கவிட்டுக் குடாவை முழுக்கப் படம் எடுக்கிறார்கள். அவர்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுக்கிறோம். எங்கள் ஆள் எங்கள் வீதியில் நாலு தரம் நடந்தால் விசாரணை.

பயத்துக்கு வேலைதான் மருந்து. வீடியோவைக் கணினியில் ஏற்றி ஃபிரேம் ஃபிரேமாகப் பார்த்தேன். குதிகால் நிலத்தைத் தொடும்போது உடம்பு இன்னும் இறங்கவில்லை. பாரம் காலில் ஏறும்போதுதான் இறங்குகிறது. மற்றக் கால் கடக்கும்போது எழும்புகிறது. நான் தலைகீழாகச் செய்திருந்தேன். இடுப்பைத் திருத்தினேன். கால் இப்போது வழுக்கவில்லை.

பிறகு கை. மதகடியில் அண்ணா நன்றாகக் கை வீசுகிறான். கொட்டில் கிட்ட வர வீச்சு நின்றுவிடுகிறது. கை இரண்டும் உடம்பை விட்டுக் கொஞ்சம் விலகுகின்றன, உள்ளங்கை வெளியே தெரிய. தலை இறங்குகிறது. வேகம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கொட்டில் தாண்டியதும் பழையபடி வீச்சு. ஒவ்வொரு தரமும் அப்படியே.

அண்ணாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"நான் இப்பிடியே நடக்கிறனான்?"

அவனுக்கே தெரியாது. நான் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் செய்ததும் இதே நடைதான்.

யூலை 12, சனி

காலை கொட்டிலுக்கு எதிரே உள்ள பஸ் தரிப்பில் நின்று பார்த்தேன், போன் இல்லாமல். மூதூர்ப் படகுக்குப் போகிறவர்கள், கச்சேரியில் அரசாங்க வேலை பார்க்கிறவர்கள், டியூசன் பிள்ளைகள். கொட்டிலடியில் எல்லாருக்கும் கை நின்றுவிடுகிறது. குடை பிடித்த ஒரு அம்மா குடையை மடக்கிக்கொண்டு போனா, கொட்டில் தாண்டி விரித்தா. வெயிலோ நெருப்பு. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சண்டை முடிந்தபிறகு பிறந்ததுகளும் அப்படித்தான் போகுதுகள்.

பயமில்லாத நடைக்கு எங்கே போவது? அண்ணாவை வீட்டு வளவுக்குள் நடக்கச் சொன்னேன். பொம்மை மாதிரி நடந்தான். "நீ பாக்கிறாய் எண்டால் ஏலாது. எப்பிடி நடக்கிறதெண்டே மறந்து போச்சு."

மத்தியானம் வீடியோவைக் கடைசிவரை ஓடவிட்டேன். மதகுக் கட்டின் மேல் போன் நிறுத்தாமல் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அந்த ஆள் வீதியைக் கடந்து, வேலியோரமாக அண்ணாவிடம் நடந்து வருவது முழுக்க இருக்கிறது. சுத்தமான பக்கவாட்டு. தோள் உருளுகிறது. கை தாராளமாக வீசுகிறது. ஒவ்வொரு அடிக்கும் உடம்பின் பாரம் முழுக்க வீதியில் இறங்குகிறது. கொட்டிலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

குறிப்பில் கேட்ட நடை இதுதான். சொந்தத் தெருவில் நடக்கிறவன்.

யூலை 13, ஞாயிறு

செய்துவிட்டேன். கடவுளே.

இரண்டு நடை. ஒன்று அண்ணாவுடையது. வீடியோவில் உள்ளபடி, கை விலகி, தலை இறங்கி. நாளைக்குக் காட்ட எங்களிடம் உள்ள ஒரே சாட்சி அது. அண்ணா நடந்தது விளையாட்டுக்குத்தான் என்று நம்ப வேண்டுமென்றால் பெடியன் அண்ணா மாதிரியே நடக்க வேண்டும். பயந்த நடையை இவ்வளவு கவனமாக யாரும் செதுக்கியிருக்க மாட்டார்கள்.

மற்றது கொழும்புக்கு. அந்த ஆளுடையது. அறைக் கதவைச் சாத்திவிட்டு அதையும் முடித்தேன்.

சப்னாவிடம் சொன்னேன். "விசரா ஒனக்கு? அத எடுத்து எங்கயாச்சும் ஒளி!" ஒளித்தால் ஒளித்த தடம் இருக்கும். ஒன்றும் அழிக்க வேண்டாம் என்றுதான் அவர் சொன்னவர். அப்படியே விட்டேன்.

அம்மா அண்ணாவின் ஷேர்ட்டை அயன் பண்ணுறா. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப.

"அம்மா, எரிஞ்சிடும்."

"எரியட்டும்."

யூலை 14, திங்கள்

வந்துவிட்டோம். மூன்று பேரும் வீட்டில். முதலில் அதை எழுதுகிறேன்.

அந்த ஒஃபிசுக்குள் ஓடை மாதிரி நீண்ட கொரிடோர். அம்மாவை வெளியே நிறுத்திவிட்டார்கள். அதே ஆள், மேசைக்குப் பின்னால். வீடியோவையும் பெடியனையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டேன். இது குதி, இது இடுப்பு. விரலால் காட்டினேன்.

"அண்ணா, கொஞ்சம் நடங்க, பாப்பம்."

அண்ணா கொரிடோரில் நடந்தான். அறைகளிலிருந்து தேத்தண்ணிக் கோப்பையோடு ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். திரையில் பெடியன், கொரிடோரில் அண்ணா. இருவருக்கும் கை விலகி, உள்ளங்கை தெரிய. யாரோ சிங்களத்தில் "ஹரி, ஹரி!", சரி, சரி என்று கை தட்டினார்கள். இன்னொருதரம் நடக்கவிட்டார்கள். சிரிப்பு. அண்ணாவும் சிரிக்கப் பார்த்தான்.

நம்பிவிட்டார்கள். அப்போது அவரே மவுஸைப் பிடித்தார்.

"இது என்ன?"

இரண்டாவது நடை. தோள் உருண்டது, கை வீசியது. சிரிப்பு நின்றுவிட்டது. பின்னால் நின்றவர்களுக்கு அது யாருடைய நடை என்று விளங்கிவிட்டது. ஒருவர் கோப்பையைப் பார்த்தார், ஒருவர் கதவடிக்குப் போய்விட்டார். அவர் மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தார். பெடியன் நடந்துகொண்டே இருந்தான்.

"இது யாரு?"

"சும்மா ஒராள் சேர். றோட்டில போனவர்."

"இவர்தான் நல்லா நடக்கிறது. பயம் இல்லாத ஆள்." அண்ணாவைப் பார்த்தார். "நீங்களும் இப்பிடி நடக்க வேணும். ஏன் பயம்?"

"ஓம் சேர்" என்றான் அண்ணா.

போனை வைத்துக்கொண்டார்கள். தேவையென்றால் கூப்பிடுவார்களாம்.

சந்தி தாண்டினோம். பிறகு அண்ணா, தாழ்ந்த குரலில்: "அது அவன்தானே?"

"ஓம்."

"நீ விசரி." கொஞ்சத் தூரம் போய்: "சரியாத்தான் நடக்கிறான்."

பின்னேரம் இரண்டாவது நடையைக் கொழும்புக்கு அனுப்பினேன். உடனே பதில். "மிக நன்று. இப்போதுதான் இவன் சொந்தத் தெருவில் நடக்கிறான். யாரைப் பார்த்துச் செய்தீர்கள்? அந்த வீடியோவையும் அனுப்பவும்."

கணினியில் இருக்கிறது. அவர் முகத்தோடு.

ஒழுங்கையில் மோட்டார் சைக்கிள் ஒன்று. வேகம் குறைகிறது. அம்மா குசினி வாசலில். அண்ணா கதிரையை விட்டு எழும்பிவிட்டான், கை இரண்டும் உடம்பை விட்டு விலகி, உள்ளங்கை தெரிய...