ஜாடிக்குள் ஒரு சின்னக் கை

என் சரோஜாவுக்கு,

வரிசை போட்டுக்கொள்ளாமல் எனக்குப் பேச வராது என்று உனக்குத் தெரியும். அதனால் முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

1. அந்த டச்சுக்காரர் மேல் எனக்கு ஏன் கோபம்.
2. விழுப்புரம் ஆஸ்பத்திரியில் நான் செய்தது.
3. நீ ஏன் ஒரு நாளும் என்னைக் கேட்கவில்லை.

ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் ஞாயிறன்று திண்டிவனத்தில் கூடுகிறோம். விலங்கியல் வாத்தியாரான நான் அந்த டச்சு மருத்துவரைப் பற்றிப் பேச வேண்டுமாம். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஆம்ஸ்டர்டாமில் பிணங்களை அறுத்துப் பாடம் நடத்தியவர். ரத்தக் குழாய்களில் மெழுகைச் செலுத்தி, இறந்த உடல் தூங்குவது போலவே இருக்கும்படி செய்தவர். முப்பது வருஷம் வகுப்பில் அவரைப் புகழ்ந்திருக்கிறேன்.

இப்போது குறிப்பெடுக்க உட்கார்ந்தால் எரிச்சல்தான் வருகிறது. அந்த ஊர் மருத்துவச்சிகளுக்குப் பாடம் சொன்னவரும் அவர்தான். இறந்து பிறந்த குழந்தைகள் அவரிடம் வந்து சேர்ந்தன. அவற்றின் சின்னக் கைகளை ஜாடியில் வைத்து, மணிக்கட்டில் லேஸ் துணி சுற்றி அழகு பார்த்தார். ரஷ்யப் பேரரசர் அந்தச் சேகரிப்பை விலைக்கு வாங்கிப் போனார். ஜாடி ஜாடியாக விவரம் எழுதி வைத்த மனிதர், ஒரு தாயின் பெயரையாவது எழுதினாரா? நான் படித்த வரையில் இல்லை. எவ்வளவு திமிர்!

இரண்டாவது. நம் முதல் குழந்தை மூச்சில்லாமல் பிறந்த அன்று நீ மயக்கத்தில் இருந்தாய். நர்ஸம்மா ஒரு தாளை நீட்டினார். "மெடிக்கல் காலேஜ்ல பசங்க படிக்கறதுக்குக் குழந்தையக் கேக்கறாங்க சார். நீங்களே சயின்ஸ் வாத்தியாரு, உங்களுக்குத் தெரியாததா?" மறுக்கக் கூச்சமாக இருந்தது. கையெழுத்துப் போட்டேன். உன்னிடம், பெண் குழந்தை, புதைத்துவிட்டோம் என்றேன். அதில் பெண் குழந்தை என்பது மட்டும்தான் உண்மை.

போன செவ்வாய்க்கிழமை அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவள் எங்காவது ஜாடியில் இருந்தால் வாங்கிவந்து மண்ணில் வைக்கலாமே என்று. ரெக்கார்டு ரூமில் இருந்தவர் டீயை உறிஞ்சிக்கொண்டே, "இன்னா பேருல தேடறது சார்?" என்றார். பெயர் வைக்கவில்லை என்றேன்.

"பேரே இல்லாம, நாப்பது வருஷம் கழிச்சி வந்து நின்னுக்கினு இருக்கீங்களே. இது இன்னா ரேஷன் கார்டா, டூப்ளிகேட் போட்டுக் குடுக்க?"

பக்கத்து மேஜைக்காரர் சிரித்தார். அந்த டம்ளரைத் தட்டிவிடக் கை துடித்தது. "சரிங்க" என்று சொல்லிவிட்டுத் திண்டிவனம் பஸ் ஏறினேன்.

மூன்றாவது. எந்த இடத்தில் புதைத்தீர்கள் என்று நீ ஒரே ஒரு தரம் கேட்டிருந்தால் நான் உடைந்து சொல்லியிருப்பேன். இத்தனை வருஷம் வாயே திறக்காமல் போய்ச் சேர்ந்தாயே. உன் மேலும் கோபம்தான்.

இதுவரை எழுதிவிட்டு, பேச்சுக்குப் படம் பார்க்கலாமென்று என் தடித்த புத்தகத்தைப் புரட்டினேன். லேஸ் சுற்றிய அந்தக் கை வந்தது. இதே பக்கத்தை ஒரு நாள் நான் படித்துக்கொண்டிருந்தபோது, முறத்தில் மல்லாட்டையோடு, கடலைத் தோலை ஊதிக்கொண்டே வந்து நீ எட்டிப் பார்த்தாய்.

"யாரு புள்ள இது? பெத்தவளாண்ட ஒரு வார்த்த கேட்டாங்களா?"

மெழுகு எப்படி உள்ளே போகிறது என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாய். பிறகு, "உங்களத்தாங்க கேக்கறேன்" என்றாய். நான் மறுபடியும் மெழுகைப் பற்றியே சொன்னேன்.

சரோஜா, உனக்குத் தெரிந்திருந்ததா? எப்போதிலிருந்து?

ஞாயிற்றுக்கிழமை அந்த டச்சுக்காரரைப் பற்றி ஒரு வார்த்தை பேசுமுன், நான் போட்ட கையெழுத்தைச் சபையில் சொல்வேன். யார் எழுந்து போனாலும் சொல்வேன்.

மூன்றாவதாக எழுதியது தவறு. நீ கேட்டாய்.

இப்படிக்கு,
பெயர் வைக்காத நம் மகளின் அப்பா