இரண்டாம் பக்கத்து இடைவெளி

அக்டோபர் 8, திங்கள்

எழுந்ததும் முதல் வேலை: பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு டேப் ரெக்கார்டரின் ஹெட்டைத் துடைத்தேன். அதன் பிறகுதான் பால், அடுப்பு. வெளியே தூறல். ஓசூருக்குக் குளிர் வந்துவிட்டது. மகள் போர்வைக்குள்ளிருந்தே சத்தம் போட்டாள்.

"ஏம்மா, காலங்காத்தால அந்த இரைச்சலா? பக்கத்து வீட்டு ஆன்ட்டி நான்தான் போடறேன்னு நெனச்சிட்டிருக்காங்க."

"நெனச்சிட்டுப் போகட்டும் நித்யா."

"ப்ளஸ் டூ படிக்கிற பொண்ணுக்கு அம்மாவால கெட்ட பேரு. எங்கயாவது நடக்குமா இது?"

ஓடிக்கொண்டிருந்தது பெங்களூர்ப் பையன்களின் முதல் லைவ் கேசட். த்ராஷ் மெட்டல் என்று அதற்கு ஒரு பெயர் இருப்பதே எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரியும். பையன்களுக்கு இப்போது நாற்பதை நெருங்கும். அந்தக் கேசட்டை சி.டி.யாகக் கொண்டுவரப் போகிறார்கள். ரசிகர்கள் கூடும் இணையப் பக்கத்தில் ஒரு மாதமாகச் சண்டை.

ஷிஃப்ட் முடிந்து பாகலூர் ரோடு பிரவுசிங் சென்டர். படித்ததில் நினைவிருப்பவை:

– புனேக்காரர்: தகர டப்பாவுக்குள் மைக் வைத்து எடுத்த பதிவு. காது வலிக்கிறது.
– பிரேசில்காரர்: அந்த எதிரொலிதான் உயிர். எந்த ஸ்டுடியோவில் செய்தார்கள்?
– சென்னைக் கல்லூரிப் பையன்: டிரம்மர் ஓடுகிறார், கிடார் துரத்துகிறது, யாரும் யாரையும் பிடிக்கவில்லை. இதற்கு மேல் என்ன வேண்டும்?
– ஷில்லாங்காரர்: முதல் பக்க முடிவில் எழும் கூச்சலுக்காகவே வாங்கலாம். இப்படி ஒரு வெறிபிடித்த கூட்டம் வேறு எந்தக் குழுவுக்கும் வாய்க்கவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் எல்லோருக்கும் ஒரே கருத்து. இரண்டாம் பக்கத்தில், கடைசிப் பாட்டுக்கு முன்னால் ஒரு வெற்று இடம். பாட்டு இல்லை, பேச்சு இல்லை. நாற்காலிகள் நகரும் சத்தம் மட்டும். 'போரடித்து ஆட்கள் எழுந்து போகிறார்கள், அதை வெட்டுங்கள்.'

நான் ஒன்றும் எழுதாமல் எழுந்து வந்துவிட்டேன். அங்கே என் பெயர் ராஜ். ராஜ் அண்ணா, ராஜ் மச்சி. நீள முடியும் புல்லட்டும் உள்ள ஆள் என்று ஒரு பையன் கற்பனை செய்து எழுதியிருந்தான். நான் மறுக்கவில்லை. ராஜ் என்பது என் வீட்டுக்காரர் பெயரில் பாதி. செல்வராஜ்.

அக்டோபர் 9, செவ்வாய்

கம்பெனி ஸ்டோர்ஸில் சரக்குக் கணக்கெடுப்பு. ஆயுத பூஜை சர்க்குலர் வந்துவிட்டது. தகடு அழுத்தும் மெஷின்கள் உள்ள பிரஸ் ஷாப்புக்கு பெயின்ட் அடிக்கிறார்கள், அந்த வாசனையில் காலையிலிருந்து தலைவலி.

அந்தக் கேசட் பதிவானது அந்த பிரஸ் ஷாப்பில்தான். ரசிகர்கள் யாருக்கும் தெரியாது. உறையில் 'ஓசூர்' என்று மட்டும் இருக்கும். பதினாறு வருடத்துக்கு முந்தைய ஆயுத பூஜைக்கு தர்மபுரியிலிருந்து வரவேண்டிய ஆர்க்கெஸ்ட்ரா கடைசி நேரத்தில் கைவிரித்தது. புரொடக்‌ஷன் மேனேஜர் தன் அக்கா மகனின் காலேஜ் குழுவைக் கூப்பிட்டுவிட்டார். சினிமாப் பாட்டுக்காகக் குடும்பத்தோடு வந்து உட்கார்ந்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். பிரேசில்காரர் கொண்டாடும் எதிரொலி, எங்கள் தகரக் கூரை. ஷில்லாங்காரரின் வெறிபிடித்த கூட்டம்: பாட்டு முடிகிற நேரத்தில் பர்சனல் ஆபீசர் மேடையேறி, பூஜைப் பரிசு ஆளுக்கொரு எவர்சில்வர் டிபன் கேரியர் என்று சைகை காட்டினார், அதற்குத்தான் அந்தக் கூச்சல். எப்போது நினைத்தாலும் சிரிப்பு வரும்.

அந்த வெற்று இடத்துக்குச் சிரிப்பு வராது.

அப்போது என் வீட்டுக்காரர் இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஏழாம் நம்பர் பிரஸ்ஸில் மாட்டி. கை உள்ளே சிக்காமலிருக்க, இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அமுக்கினால்தான் பிரஸ் இறங்கும். ஒரு பட்டனைக் கயிற்றால் அழுத்திக் கட்டிவிட்டால் ஒரு கை மிச்சம், மணிக்கு அடிக்கும் பீஸ் கூடும். அவரே கட்டிக்கொண்டார் என்று கம்பெனி சொன்னது. அஜாக்கிரதை. நானும் நம்பினேன். இன்சென்டிவுக்கு ஆசைப்பட்டுப் போய்ச் சேர்ந்தாரே என்று அவர் மேல் ஒரு கோபம், இன்றுவரை. படத்துக்கு விளக்கேற்றும்போதுகூட.

பூஜையன்று அந்த பிரஸ்ஸைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். கம்ப்ரஸர் ரூம் ஓரம் எனக்கு ஒரு நாற்காலி. மடியில் நித்யா, கைக்குழந்தை. வந்தவர்கள் எல்லோரும் என்னிடம் மெதுவாகப் பேசினார்கள், மெதுவாகவே பேசிக்கொண்டிருந்தார்கள். மெதுவாகப் பேசாதது அந்தப் பாட்டு ஒன்றுதான். எனக்குள் இருந்தது வெளியே கேட்டது போல இருந்தது. நித்யா அசையாமல் தூங்கினாள்.

கடைசிப் பாட்டுக்கு முன் பக்கத்து பிரஸ்ஸில் வேலை பார்த்த ஏகாம்பரம் அண்ணன் மேடையேறினார். பாடுகிறவர் மைக்கைக் கொடுத்தார். அண்ணன் பேசவில்லை. நின்றார். முன்வரிசைக்குப் பின்னால் ஒருவர் எழுந்தார், பிறகு இன்னொருவர், பிறகு ஷெட் முழுவதும். நாற்காலிச் சத்தம் அதுதான். யாரும் வெளியே போகவில்லை. என் வீட்டுக்காரருக்காக எழுந்து நின்றார்கள்.

அவர் இறந்ததற்கு அந்தக் கட்டடத்தில் வேறு எந்த அடையாளமும் இல்லை.

அக்டோபர் 11, வியாழன்

மழை. காஸ் புக் பண்ண வேண்டும். நித்யாவுக்கு ரெக்கார்டு நோட்டு.

அந்தக் குழுவில் பாடுகிறவரே இணையத்தில் எழுதியிருக்கிறார். இப்போது ஏதோ சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறாராம். இடைவெளியை வெட்டச் சொல்லித்தான் பெரும்பாலானவர்கள் கேட்கிறார்கள், ஆனால் ராஜ்தான் நம்மில் மூத்த ரசிகர், அவர் சொல்வதே முடிவு என்று. பிறகு: 'ராஜ், நீங்கள் எழுதுவதைப் பார்த்தால் அன்றைக்கு அங்கே இருந்தவர் போலத் தெரிகிறது. இருந்திருந்தால் உறையில் அச்சிட நாலு வரி கொடுங்கள். அந்த ஆள் யார், ஏன் மேடைக்கு வந்தார் என்று எங்களுக்கே தெரியாது.'

திரையைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். சென்டர்ப் பெண் தோளைத் தட்டினாள். "டைம் ஆய்த்து ஆன்ட்டி. ரிசல்ட்டா? பொண்ணு ஃபெயிலா?"

இல்லை என்றேன்.

'வெட்டாதீர்கள்' என்று ஒரு சொல் போதும். ஆனால் காரணம் தெரியாவிட்டால் கேட்பவர்கள் அந்த இடத்தைத் தள்ளிவிட்டுத்தான் போவார்கள். எழுதுவதற்கு முன் ஏகாம்பரம் அண்ணனைக் கேட்க வேண்டும்.

அக்டோபர் 14, ஞாயிறு

ராயக்கோட்டை. பஸ்ஸில் நின்றுகொண்டே பயணம். அண்ணன் வேலையை விட்டு வெகுகாலம் ஆகிறது, மார்க்கெட்டில் தக்காளி மண்டி. கிரேட்டுகளுக்கு நடுவில் தெலுங்கில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் நிறுத்தினார்.

வாக்மேனைக் கொடுத்துக் காதில் மாட்டச் சொன்னேன்.

"இன்னாம்மா விஜயா இது, ஜல்லி லாரி கவுத்தாப்பல கீது. இதயா இத்தன வருசமா கேக்கற?"

"பேசாமக் கேளுங்கண்ணா."

வெற்று இடம் வந்தது. அவர் முகத்தில் அது வந்தது எனக்குத் தெரிந்தது. கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். விவரம் சொன்னேன். அஞ்சலி செலுத்தியதை உறையில் எழுதட்டுமா என்று கேட்டேன்.

"அஞ்சலி செலுத்த நான் ஏறலம்மா."

பின்னே எதற்கு என்று கேட்டேன்.

"செல்வராசு தானா கட்டல அந்தப் பட்டன. கட்ட மாட்டேன்னான். டார்கெட்டு போவுலன்னு சூப்பர்வைசர் நின்னு கட்ட வெச்சாரு. நான் பாத்தேன். அத மைக்குல சொல்லிடணும்னுதான் ஏறுனேன். மொத வரிசையில அவரே குந்தினு இருந்தாரு, என்னயே பாத்துக்கினு. நாக்கு எழும்பல. ஜனங்க தப்பா நெனச்சி எழுந்து நின்னுட்டாங்க. நானும் அப்படியே விட்டுட்டேன்."

யார் என்று கேட்டேன். பெயரைச் சொன்னார்.

இப்போது எங்கள் பிளான்ட் ஹெட்.

"நீ அங்கதான சம்பளம் வாங்கற. பொண்ணு படிக்குது. விட்டுடும்மா. வெட்டுனா வெட்டிக்கட்டும்."

கையில் ஒரு பை தக்காளியைத் திணித்தார். திரும்பி வரும்போது உட்கார இடம் கிடைத்தது. கோபத்தை யார் மேல் வைப்பது என்று தெரியவில்லை. அவர் கட்டமாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். அதைச் சொன்ன மனிதர்மேல்தான் பதினாறு வருடமாக நான் கோபமாக இருந்திருக்கிறேன்.

சமைக்கவில்லை. நித்யா தோசை வார்த்தாள். "பஸ்ல எவனாவது எதாவது சொன்னானாம்மா?" "இல்ல."

அக்டோபர் 15, திங்கள்

வெயில். துணி காய்ந்தது.

கம்பெனி கேட் அருகே ஒரு காரின் கண்ணாடி இறங்கியது. பிளான்ட் ஹெட். "குட் மார்னிங் விஜயா. பூஜைக்குப் பொண்ணக் கூட்டிட்டு வாங்க. ப்ளஸ் டூ இல்ல? முடிச்சதும் சொல்லுங்க, ஏதாவது பாக்கலாம்."

"சரி சார்."

'சரி சார்' என்று சொன்ன வாயைக் கழுவ வேண்டும் போல இருந்தது. ஸ்டோர்ஸில் நாள் முழுக்க நட்டு, போல்ட், கிளவுஸ் இஷ்யூ. யாரோ சொன்ன ஜோக்குக்குச் சிரித்தேன்கூட.

எழுதினால் வேலை போகும். நித்யாவின் காலேஜ் என்னாகும் என்று தெரியவில்லை. அவர்கள் அதை அச்சிடுவார்களா என்பதும் தெரியவில்லை. யார் சொல்லித் தெரியும் என்று கேட்டால் அண்ணன் பெயரைச் சொல்லமாட்டேன்.

நாளை சென்டரில் உட்கார்ந்து எழுதப்போகிறேன். இடைவெளியை வெட்ட வேண்டாம் என்றும், அந்த மைக்கில் என்ன சொல்லப்பட்டிருக்க வேண்டும் என்றும். கட்ட வைத்தவரின் பெயரோடு. கீழே ராஜ் என்று இல்லை, செ. விஜயா. இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.