நாய்களுக்குத் தாள் இருந்தது

ஜூலை 10, வியாழன்

இன்று கால்நடை டாக்டரிடம் மானம் போனது. எல்லை தாண்டிக் கனடா போக இரண்டு நாய்களுக்கும் வெறிநோய் ஊசிச் சான்று வேண்டும். சின்ன நாயான பட்டன், எடை மெஷினில் நிற்காமல் நடுங்கியது. அதைத் தூக்கிக்கொண்டு நானே ஏறினேன். அங்கே வேலை செய்யும் பெண் எடையைச் சத்தமாகப் படித்தாள். பிறகு நாயில்லாமல் ஏறச் சொல்லி, அதையும் படித்தாள். காத்திருந்தவர்கள் எல்லோரும் மனசுக்குள் கழித்தல் கணக்குப் போட்டார்கள். பூனைக் கூண்டோடு இருந்த ஒருவர், "நாய் சரியாத்தான் இருக்கு" என்றார்.

போகட்டும். ஞாயிற்றுக்கிழமை கனடாவில் ஏரிக்கரை. மகள் ப்ரிட்டாவோடு முழுசாக ஏழு நாள். ஜோலீனும் நானும் பிரிந்த இந்த மூன்று வருஷத்தில் அவள் என்னோடு சேர்ந்தாற்போல் இரண்டு நாளுக்கு மேல் இருந்ததில்லை.

ஜூலை 11

போனில் ப்ரிட்டாவிடம் ஏரியைப் பற்றியே பேசித் தீர்த்தேன். அடுத்த வியாழக்கிழமை சாஃப்ட்பால் மேட்ச் இருக்கிறது என்றாள். மேட்ச் வாராவாரம் வரும், ஏரி வருமா என்றேன். நானே சிரித்துக்கொண்டேன். அவள் "ம்" என்றாள்.

ஜூலை 13, ஞாயிறு

கோபத்தில் எழுத்து கோணுகிறது.

பாலம் தாண்டியதும் கனடாச் சாவடி. நாய்களின் சான்றுகளைக் கம்பீரமாக நீட்டினேன். அதிகாரி சின்னப் பெண். பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு மகளின் பிறந்த தேதியைக் கேட்டாள். கையில் நாய்த் தாள் இருந்ததால் வாயில் டீசலின் தேதி வந்துவிட்டது. டீசல் எங்கள் பதினொரு வயசுக் கறுப்பு லாப்ரடார்.

"அது நாயோடது" என்றாள் ப்ரிட்டா, பின்சீட்டில் டீசலின் மெத்தைமேல் உட்கார்ந்தபடி.

அதிகாரியின் முகம் மாறியது. "குழந்தையோட அம்மா கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதம் இருக்கா சார்?"

இல்லை. ப்ரிட்டாவிடம் கொடுத்தனுப்புவதாக ஜோலீன் சொல்லியிருந்தாள். ப்ரிட்டாவைக் கேட்டேன். அம்மா எதுவும் தரவில்லையாம்.

வண்டியை ஓரம் கட்டச் சொன்னார்கள். இரண்டேகால் மணி நேரம். நாய்களுக்கு நாலு நிமிஷத்தில் அனுமதி. ப்ரிட்டா நாய்களோடு வண்டியிலேயே இருந்துகொண்டாள். பெற்ற அப்பன் மட்டும் பிள்ளை கடத்துகிறவன் மாதிரி உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். இதுதான் சட்டமா? ஜோலீன் வேலையில் இருந்தாள், போனை எடுக்கவில்லை. ஒருவழியாக அவளே கூப்பிட்டபோது அந்த அதிகாரி ஸ்பீக்கரில் போட்டாள்.

"லெட்டரா? வெள்ளிக்கிழமையே கையெழுத்துப் போட்டு ப்ரிட்டா கையில குடுத்தேனே. அந்த மனுஷனுக்குத் தொலைக்கறதுதானே வேலை."

அதிகாரிக்குச் சிரிப்பு. வாய்ச் சம்மதத்தைக் குறித்துக்கொண்டு எங்களைப் போக விட்டாள்.

என் மகள் பொய் சொல்ல மாட்டாள். அப்படியானால் பொய் யாருடையது? சர்க்கார் அதிகாரி காதிலேயே இப்படிப் புளுக முடியுமா ஒருத்தியால்?

ஜூலை 14

கேபின் வாசலில் "நாய்களுக்கு நல்வரவு" என்று பலகை. அதற்குக் கீழே: படகுத்துறையில் நாய் கூடாது. மணலில் கூடாது. சோபாவில் கூடாது. நனைந்த நாய் உள்ளே வரக் கூடாது. இந்த நல்வரவை நாய் எங்கே நின்று வாங்கிக்கொள்ளும்?

கேபின் சொந்தக்காரி மார்னியிடமே கேட்டேன். அந்த நேரம் பார்த்து அவள் புருஷன் ஏரியிலிருந்து சொட்டச் சொட்ட எழுந்து வீட்டுக்குள் போனார்.

"நனஞ்சவர் உள்ள போறாரே?" என்றேன்.

"அவருக்கு நல்வரவுன்னு போர்டு வச்சிருக்கேனா?" என்றாள்.

டீசலைக் கயிற்றில் கட்டிப்போட்டேன்.

ஜூலை 15

மழை. ஜோலீனைப் பற்றி டீசலிடம் புகார் சொல்லிக்கொண்டிருந்தேன். ப்ரிட்டா கேட்டுவிட்டாள். "போதும்ப்பா, விடு." அம்மாவுக்கு வக்காலத்து. இரண்டேகால் மணி நேரம் உட்கார்ந்தது யார்?

ஜூலை 16

மீன் பிடித்தோம். பிடித்தது ப்ரிட்டா. தூண்டில் என் தொப்பியைப் பிடித்தது.

ஜூலை 17, வியாழன்

சாயங்காலம் ப்ரிட்டா பின்னால் இருக்கும் பாறைமேல் ஏறி, போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து நின்றாள். அங்கேதான் சிக்னல் வரும். இறங்கி வந்து, "தோத்துட்டோம். ஒரே ஒரு ரன்" என்றாள்.

அது இறுதி ஆட்டமாம். பந்து எறிய வேண்டியவள் இவளாம்.

"இறுதி ஆட்டம்னு சொல்லியிருக்கலாமே?"

"சொல்ல ஆரம்பிச்சேன். நீ சிரிச்சே."

பொரித்த மீனில் பாதியைப் பட்டனுக்குப் போட்டாள்.

ஜூலை 19

காலையில் டீசல் கயிற்றை அறுத்துக்கொண்டு, கூடாத படகுத்துறையிலிருந்து ஏரிக்குள் குதித்தான். அதே ஈரத்தோடு உள்ளே போய்த் தன் மெத்தையில் படுத்தான். உறையைக் கழற்றித் துவைத்தே ஆக வேண்டும் என்று மார்னி நின்றாள். முணுமுணுத்துக்கொண்டே ஜிப்பைத் திறந்தேன்.

உறைக்கும் ஸ்பாஞ்சுக்கும் நடுவில் நாலாக மடித்த ஒரு காகிதம். ஜோலீனின் கையெழுத்து, நோட்டரி முத்திரை. வெள்ளிக்கிழமைத் தேதி.

அந்த இரண்டேகால் மணி நேரமும் ப்ரிட்டா இந்த மெத்தையை விட்டு எழுந்திருக்கவில்லை. எங்களைத் திருப்பி அனுப்பியிருந்தால் வியாழக்கிழமை அவள் மைதானத்தில் நின்றிருப்பாள்.

ஆறு நாளாக இந்த நோட்டில் ஜோலீனைத் திட்டியிருக்கிறேன். கிழித்துவிடலாமா? வேண்டாம். என் புத்தி எனக்குத் தெரிய இருக்கட்டும்.

கோபம் மட்டும் இன்னும் நிற்கிறது. போய் இறங்க ஆள்தான் இல்லை. வீட்டிலேயே ஒருத்தன் இருக்கிறான், எடை மெஷினுக்கு நன்றாகத் தெரியும் அவனை.

காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்தேன். மெத்தையை வெயிலில் போட்டிருப்பதைப் பார்த்ததும் ப்ரிட்டா அப்படியே நின்றாள். "ஊறிப் போச்சு, காயட்டும்" என்றேன்.

ஜூலை 20, ஞாயிறு

ப்ரிட்டாவை அவள் அம்மா வீட்டில் இறக்கினேன். ஜோலீன் வாசலுக்கு வந்ததுமே முதல் கேள்வி: "லெட்டர் கிடைச்சுதா, இல்லையா?"

ப்ரிட்டா டீசலின் கழுத்துப் பட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கிடைச்சுது. நான்தான் நாய்ச் சாமானோட சேத்து வச்சிருக்கேன். தொலைக்கறதுதானே என் வேலை."

ஜோலீன் சிரித்துவிட்டாள். மூன்று வருஷத்தில் என் பேச்சுக்கு முதல் சிரிப்பு. ப்ரிட்டா என்னையே பார்த்தாள். பிறகு பையைக் கீழே வைத்துவிட்டு வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அடுத்த மேட்ச் செப்டம்பர் ஆறு என்றாள். எழுதிக்கொண்டேன், இதோ, இந்தப் பக்கத்தின் தலையில்.

ஒன்றை மட்டும் கேட்கவில்லை. வண்டி ஓட்டி வந்த வழியெல்லாம் நாக்கு நுனியிலேயே இருந்தது: வரலைன்னு சொல்ல நீ பயந்தது எதுக்கும்மா, அப்பா கத்துவேன்னா, அழுவேன்னா?