சோவியத் என்று பெயர் வைத்தவனுக்கு

மாப்ள,

நீ போய்ச் சேர்ந்த பிறகும் உன் மகள் பொங்கலுக்கு எனக்குச் சட்டை எடுப்பதை விடவில்லை. இந்த வருடச் சட்டையை இன்றைக்குத்தான் பிரித்தேன். புதுத்துணி வாசனை. காலரில் வியட்நாமில் தைத்தது என்று போட்டிருக்கிறது. சிரிப்பு வந்துவிட்டது. அந்த நாட்டுக்காக நாம் இருவரும் மில் வாசலில் தொண்டை கிழியக் கத்தியபோது, அது உலகப் படத்தில் எந்தப் பக்கம் என்றுகூட எனக்குத் தெரியாது.

உனக்குத் தெரியும். பழங்காநத்தம் டீக்கடையில் பேப்பரை உரக்கப் படித்துவிட்டு, "ரஷ்யாவுல வந்தது இங்கயும் வரும் மாப்ள, கொஞ்சம் பொறு" என்பாய். நாட்டுக்கு நாடு பாடு வேறடா என்பேன். ஒத்துக்கொள்ளமாட்டாய். மகள் பிறந்ததும் சோவியத் என்றே பெயர் வைத்தாய். உன் வீட்டம்மா ஒரு வாரம் உன்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

சோவியத் நாடு உடைந்த செய்தி வந்த காலையில் கடை நிறைய ஆள். என் வாய் சும்மா இருக்கவில்லை. "பதினஞ்சாப் போச்சாம்ல. புள்ள பேரையும் பதினஞ்சாப் பிரிச்சிருவமா?" என்று கேட்டுவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். நீ பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போனாய். மறுநாள் வந்தாய், பேசினாய். ஆனால் அதன்பிறகு பேப்பரை உரக்கப் படிக்கவேயில்லை.

பிறகு என்னென்னவோ ஆயிற்று. சீனா சிவப்புக் கொடியை மாற்றாமலே உலக வியாபாரத்துக்குக் கடையை இன்னும் அகலத் திறந்தது. ரஷ்யாவில் ஆலைகள் பணக்காரர் கைக்குப் போயின. வியட்நாம் ஊருக்கெல்லாம் சட்டை தைக்கிறது. நம் மில் இருந்த இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது, அதன் நிழலிலேயே ரேஷன் வரிசையும் நிற்கிறது. ஒன்றைப்போல் இன்னொன்று போகவில்லை. நான் சொன்னதுதான் சரி என்று இத்தனை வருடமும் எனக்கொரு மிதப்பு.

போன வாரம் வில்லாபுரத்தில் என் வீட்டுக்கு வந்திருந்த உன் மகளிடம் கேட்டேன், இந்தப் பெயரை மாற்றிக்கொள்ளத் தோன்றவே இல்லையா என்று.

"அப்பாவே ஒருதடவை கேட்டாரு மாமா. டீக்கடையில நீங்க சொன்ன அன்னைக்கு வீட்டுக்கு வந்து, மாத்திருவமா ஆத்தான்னாரு. கண்ணெல்லாம் கலங்கியிருந்துச்சு. நான்தான் இருக்கட்டும்ப்பான்னேன்."

போலீஸ் தடியடிக்கே அசையாத ஆள் நீ. பதினோரு வயசுப் பிள்ளையிடம் போய் அப்படிக் கேட்கும்படி உன்னை ஆக்கிவிட்டேனே. அதற்குப் பிறகும் எத்தனை வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தாய், ஒரு வார்த்தை சொன்னாயா?

நாடுகள் போன போக்கில் நான் சொன்னது பலித்தது. அதனால் எனக்கு என்ன லாபம்? உன்னிடம் கேட்காத மன்னிப்பு ஒன்றுதான் என்னிடம் மிச்சம், மாப்ள.