ஐந்தாவது விலா

நாள் 112, காலை 8.10
இதைப் படிப்பவருக்கு: நான் நிலவின் பனிச் சுரங்கத்து மருத்துவ அறையில் இருக்கும் எக்ஸ்ரே இயந்திரம். மார்பைப் படமெடுத்து, இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி எங்காவது வீங்கியிருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. வீக்கம் வலிக்காது, கிழிகிற அன்றுதான் தெரியும். வீக்கம் கண்டால் ஆளைப் பூமிக்கு அனுப்பிவிடுவார்கள். மறுபடி இங்கே வேலை கிடையாது. அதனால் என்னை யாருக்கும் பிடிக்காது.

இன்று நல்லமுத்து. தமனி சுத்தம். இடப்பக்க ஐந்தாவது விலா எப்போதோ முறிந்து, கோணலாகக் கூடியிருக்கிறது.

நாள் 113, காலை 8.25
குரூஸ். தமனி சுத்தம். ஐந்தாவது விலாவில் அதே கோணல். எனக்கு முகம் தெரியாது, எலும்புதான் தெரியும். ஒலிபெருக்கியில் பெயர் கேட்டேன்.

"குரூஸ்தான். கார்டுலயே இருக்குல்ல, அப்புறம் என்ன கேள்வி?"

நாள் 115, காலை 9.00
பிச்சையா. அதே விலா. நல்ல மார்புள்ள ஒருவனையே எல்லோர் கார்டிலும் அனுப்புகிறார்கள். என்னை என்ன இளிச்சவாயன் என்று நினைத்தார்களா? பூமிக்கு எழுதினேன். டாக்டர் அமிர்தகலாவின் பதில்:

"சுரங்கத்துல விலா உடையாதவங்க யாரு? நீ தமனியை மட்டும் பாரு."

நாள் 298, காலை 8.15
அடுத்த சுற்று. நல்லமுத்துவின் கார்டு. அதே விலா. தமனி வீங்கியிருக்கிறது. எச்சரித்தேன். நல்லமுத்துவைக் கப்பல் ஏற்றுகிறார்கள். பூமியிலிருந்து பதில் வரும்வரை மற்றவர்களின் சோதனை நிறுத்தம்.

நாள் 341, மதியம் 1.30
பூமியிலிருந்து டாக்டர்: "இங்க ஸ்கேன் எடுத்துப் பார்த்தாச்சு. அவருக்கு ஒண்ணுமே இல்ல. உன் பேச்சைக் கேட்டு ஒரு மனுஷன் பொழப்பைக் கெடுத்துட்டேன். இனிமே உன் எச்சரிக்கையை நான் படிக்கப் போறதில்ல."

அது அவன் மார்பே இல்லையே! நல்லமுத்துவும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் எல்லோரும் மாட்டுவார்கள். வீங்கிய தமனிக்காரன் இங்கேயேதான் இருக்கிறான். அவன் பெயர்தான் எனக்குத் தெரியவில்லை.

நாள் 344, காலை 8.40
வேதமாணிக்கம். தமனி சுத்தம். ஐந்தாவது விலா நேராக இருக்கிறது! போன சுற்றில் இதே கார்டில் கோணல் இருந்தது. சோதனை மறுபடி தொடங்கிய இந்த மூன்று நாளில் வந்த மற்ற எல்லாக் கார்டிலும் அதே கோணல், அதே வீக்கம்; என் எச்சரிக்கையைத்தான் யாரும் படிக்கவில்லை. ஆக, ஊரார் பெயரிலெல்லாம் வந்து நின்றவன், தன் பெயருக்கு மட்டும் வேறு ஆளை அனுப்பியிருக்கிறான். பயந்துவிட்டான், பாவி.

வேதமாணிக்கத்தை உடனே வேலையிலிருந்து எடுக்கும்படி மேற்பார்வையாளருக்குச் சொன்னேன்.

"இப்பதான அவனுக்குச் சுத்தம்னு ரிப்போர்ட் குடுத்தே? உனக்கு மறை கழண்டிருச்சு."

நாள் 346, மாலை 4.05
நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுரங்கத்தில் விழுந்தவனைக் கொண்டுவந்து என் முன் கிடத்தினார்கள். ஐந்தாவது விலா கோணல். வா, வேதமாணிக்கம்.

வழக்கம்போல மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னேன். படம் எடுத்தேன். மூச்சை விடலாம் என்றேன்.

விலா அசையவில்லை. மறுபடியும் சொன்னேன்.

விடலாம்

விட