திரும்ப மாட்டிய எல் போர்டு

ஃபின்லோ,

மதியம் உன் அக்கா வருகிறாள். ஹெர்ரிங் மீனைக் கழுவி வைத்திருக்கிறேன், நீதான் வறுக்க வேண்டும். நான் பைக்கில் காசில்டவுன் வரை போய்வருகிறேன். முதல்முறையாகத் தனியாக.

நீ நேற்றுக் கழற்றிப்போட்ட எல் போர்டைத் திரும்ப மாட்டிவிட்டேன். "அதப் பாத்தா கார்க்காரன் எல்லாம் உன் முதுகுலயே ஏறுவான்டி. கழட்டிட்டா யாருக்குத் தெரியப்போகுது?" என்றாய். பயத்தில்தான் சொன்னாய், தெரியும். ஆனால் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோதும் எனக்கு எதுவும் தெரியாது. தெரிந்தவள் போலவே நடித்துக் களைத்துப்போனேன். இந்த வயதில், "இப்போதுதான் பழகுகிறேன்" என்று ஊருக்கே சொல்லிக்கொண்டு போவதை நினைத்தால் உடம்பு மிதக்கிறது.

வெளியே பனி விலகிக்கொண்டிருக்கிறது. தேவதைப் பாலத்தைக் கடக்கும்போது, அதன் அடியில் வாழும் குட்டி ஜனங்களுக்கு வணக்கம் சொல்ல மறக்க மாட்டேன்; சொல்லாமல் போனால் வழியில் கெட்டது நடக்கும் என்பார்களே. இத்தனை வருஷம் உன் முதுகுக்குப் பின்னாலிருந்து முணுமுணுத்தேன். இன்று என் குரல் அவர்களுக்குக் கேட்கும்.

வோரி

மறந்துவிட்டேன்: மகள் கார் பழகியபோது வாங்கிய எல் போர்டு பரணில் கிடந்தது. அடுப்புக்கு மேலே உனக்காக மாட்டியிருக்கிறேன். மீன் கருகினாலும் உன் அக்கா பின்னாலிருந்து ஹாரன் அடிக்க மாட்டாள்.