சரசா ஊட்டுப் பதினாலு ஓட்டு

28 ஜனவரி 2022
மருமகள் கார்த்திகா கவுன்சிலருக்கு நிற்கப் போகிறாள். சுயேச்சை. நம்ம வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். பர்மாவிலிருந்து கப்பலில் வந்த எங்கள் ஜனத்தில் இதுவரை ஒருத்தரும் நின்றதில்லை. நூம்பலில் ஐம்பத்தேழு வருஷமா கீறோம், தெருக் கால்வாய்க்கு மூடி கிடையாது. தீபாவளி மழையில் பேத்தி நிஷா அதில் விழுந்து கால் ஒடிஞ்சுது. இன்னும் விந்தி விந்தி நடக்குது. அதுக்குத்தான் நிற்கிறாள்.

31 ஜனவரி
அப்பார்ட்மெண்ட் ஸ்ரீநாத் கம்ப்யூட்டரோடு வந்தார். ஜெயிக்க என்னென்ன வேணும் என்று படம் போட்டுக் காட்டினார். வாட்ஸ்அப் குரூப், பாட்டு, வெள்ளையாக்கின போட்டோ. போட்டோவில் கார்த்திகாவை எனக்கே அடையாளம் தெரியவில்லை.
"உங்க ஜனங்க ஓட்டு மொத்தமா விழுந்துடும்ல ஆன்ட்டி?" என்றார்.
மகன் நடேசன் என்னைப் பார்த்தான். நான் டம்ளரைப் பார்த்தேன்.
மொத்தமாவா? காலனியில் எண்பது வீடு. பாதி என் பக்கம். பாதி சரசா பக்கம்.

1 பிப்ரவரி
மறந்துடக் கூடாதுன்னு எழுதறேன். மறக்கவா போறேன்? 1999, ஆடி மாசம், செவ்வாய்க்கிழமை. குழாயடியில் பதினோரு பேர் முன்னாடி, என் மொய்ங்கா மீன் குழம்பை "மீன் குளிச்ச தண்ணி" என்றாள் சரசா. அவள் கறி அனுப்பின தூக்கைக் கழுவி, காலியாகவே திருப்பினேன். எங்க ஜனத்தில் காலிப் பாத்திரம் திருப்பினால், இனி என் வாசல் மிதிக்காதே என்று அர்த்தம். இருபத்திமூணு வருஷம் மிதிக்கலை. கல்யாணம், காதுகுத்து எல்லாத்துக்கும் ரெண்டு பந்தல்.

6 பிப்ரவரி
அப்பார்ட்மெண்டில் ஓட்டு கேட்டோம். மூணாவது மாடி அம்மா எங்க முகத்தைப் பார்த்து, நேபாளமா, சைனாவா என்றாள். "நூம்பல்" என்றாள் கார்த்திகா. அப்புறம் பர்மான்னு தெரிஞ்சதும், அந்த அம்மா அத்தோ நூடுல்ஸ் செய்வது எப்படின்னு அரைமணி கேட்டாள். ஓட்டைப் பற்றி வாயே திறக்கலை.

11 பிப்ரவரி
எதிரே நிற்பது வனஜா. பேசுவது, கும்பிடுவது, மாலை வாங்குவது எல்லாம் அவள் புருஷன் உத்தமன். இன்று சரசா வீட்டில் டீ குடித்தாராம். அந்த வீட்டில் மட்டும் பதினாலு ஓட்டு.
சாப்பிடும்போது கார்த்திகா சொன்னாள்: "அத்தே, எனக்குப் பாட்டு வாணாம், போட்டோ வாணாம். நீங்க ஒரு தூக்கு எடுத்துகினு அவங்க ஊட்டுக்குப் போனா போதும்."
இன்னா நெஞ்சு இவளுக்கு! என்னையா கேக்கறா? செத்தாலும் போகமாட்டேன்னு சொல்லிட்டேன். நிஷா என் தட்டையே பார்த்துகினு இருந்துச்சு.

12 பிப்ரவரி
முடியாது.

13 பிப்ரவரி
முடியாது.

16 பிப்ரவரி
மொய்ங்கா வைத்தேன். விரால், வாழைத்தண்டு. தூக்கு நிறைய.
சரசாதான் கதவைத் திறந்தாள். கிழவியாயிட்டா. நான் ஓட்டு கேட்கவில்லை. கால்வாயில் பேத்தி விழுந்ததைச் சொன்னேன். தூக்கை வாங்கிக்கொண்டு, மூடியைத் திறந்து பார்த்தாள்.
"மீன் நிறைய போட்டுக்கீறியே."
அவ்வளவுதான். உட்காருன்னு சொல்லலை. நானும் உட்காரலை.

22 பிப்ரவரி
பதினோரு ஓட்டு வித்தியாசத்தில் கார்த்திகா ஜெயிச்சுட்டா. பாட்டுதான் காரணம்னு ஸ்ரீநாத் குரூப்பில் போட்டாராம். தோற்றதற்குக் காரணம் சொல்ல, உத்தமன் முதல் தடவையாக வனஜாவைப் பேசச் சொன்னாராம்.

2 மார்ச்
கார்த்திகா பதவி ஏற்றுக்கொண்டு வந்தாள். சாயங்காலம் சரசா வீட்டிலிருந்து என் தூக்கு வந்தது. திறந்தேன். பளிச்சுன்னு தேய்ச்சு, துடைச்சு — காலி.
கார்த்திகா பயந்துபோனாள். எனக்குச் சிரிப்பு அடங்கலை. ஓட்டையும் போட்டுட்டு, கணக்கையும் நேர் பண்ணிட்டா பாரு.

18 ஏப்ரல்
கால்வாய்க்கு மூடி போட ஆள் வந்தார்கள். சரசா வாசலில்தான் முதலில் ஆரம்பிக்கச் சொன்னேன். காலை ஐந்தரைக்கு, கடப்பாரையோடு.